உஷார்! 'மிச்சத் தார் இருக்கு, பாதி ரேட்டுக்குப் போட்டுத் தர்றோம்'

ஏரியூர், நாகமரை, பென்னாகரம் பக்கம் கல்யாண மண்டபமோ பெட்ரோல் பங்க்கோ லாட்ஜோ பள்ளிக்கூடமோ நடத்துகிறவர்களுக்கு அவசரமாக ஒரு வார்த்தை. வாசலில் வண்டி நிற்கிற இடத்துக்குத் தார் போட்டுவிடலாம் என்ற யோசனை உங்களுக்கு இருக்கலாம். அந்த யோசனை இருப்பது உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காலை டிப்பர் ஒன்று உங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். பின்னால் ஒரு சின்ன ரோலர், ஆறேழு ஆட்கள். பேன்ட்டெல்லாம் தார்க்கறையோடு ஒருவர் இறங்கி வந்து சொல்வார்: "அண்ணே, பக்கத்துல ரோட்டு வேலை முடிஞ்சிருச்சு. ரெண்டு லோடு கலவை மிச்சம். திருப்பி எடுத்துட்டுப் போனா கட்டியாயிடும். பாதி ரேட்டுக்கு உங்க வாசலுக்குப் போட்டுத் தர்றோம். இப்பவே சொல்லுங்க, சூடு ஆறிடும்."

கேட்டைத் திறக்காதீர்கள்.

என் சித்தப்பா திறந்தார். ஏரியூரில் அவருக்கு ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. முன்வாசல் 100 அடி நீளம், 60 அடி அகலம். மழை பெய்தால் சேறு, வெயில் காய்ந்தால் புழுதி. பட்டுப்புடவையோடு வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்க வேண்டியிருக்கிறதே என்று பல வருஷமாக அவருக்கு மனக்குறை. அதனால் பாதி ரேட் என்றதும் நம்பிவிட்டார். ஒன்றரை அங்குல கனம் என்று வாயால் சொன்னார்கள். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. கறுப்பாக, பளபளவென்று, புதுக் கரும்பலகை மாதிரி இருந்தது. மூன்று மணிக்கெல்லாம் கையில் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பில் கிடையாது. சித்தப்பாவிடம் இருந்தது ஒரு செல்போன் நம்பர் மட்டும். அது ஒரு வாரத்தில் அணைந்துபோனது.

அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த ஒரு பஸ், வாசலில் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பியது. டயர் திரும்பிய இடத்தில் தார் சுருண்டு எழுந்தது. ஜல்லி உருண்டு சிதறியது. அதில் கால் வைத்த மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் போய்ப் பார்த்தபோது சித்தி மகன் ஓரத்தில் குந்தி, விரலை விட்டு ஒரு துண்டைத் தூக்கினான். வெந்த தோசையைக் கல்லிலிருந்து எடுப்பதுபோல் வந்தது. கனம் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை. அடியில் பழைய புழுதி அப்படியே இருந்தது. அதில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. கூட்டிப் பெருக்கக்கூட இல்லை, தரையின் மேல் அப்படியே கொட்டியிருக்கிறார்கள்.

"கறுப்பா பளபளன்னு இருந்துச்சுடா. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?" என்றார் சித்தப்பா. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியது அப்படி ஒன்றும் கஷ்டமான விஷயம் இல்லை. ஒரு டேப்பும் ஒரு கணக்கும் போதும். ஆனால் பணம் கைமாறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். நன்றாக உருட்டி இறுக்கிய தார்க் கலவை ஒரு கன மீட்டர் சுமார் 2.35 டன் இருக்கும். 1,000 சதுர அடி இடத்தில் ஒரு அங்குல கனம் போட ஏறக்குறைய ஐந்தரை டன் வேண்டும். சித்தப்பாவின் வாசல் 6,000 சதுர அடி. ஒன்றரை அங்குலம் என்றால் 50 டன். பத்து டன் ஏற்றும் டிப்பர் ஐந்து முறை வர வேண்டும். வந்தது இரண்டு. இருபது டன்னை 6,000 சதுர அடியில் பரப்பினால் அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும். அவர் பாதி ரேட் கொடுத்து வாங்கியது பாதிச் சரக்குகூட இல்லை. லோடு எண்ணியிருந்தாலே பிடித்திருக்கலாம். எனவே யார் வந்து வேலை செய்தாலும் எடைமேடைச் சீட்டு இல்லாமல் ஒரு டிப்பரையும் கொட்ட விடாதீர்கள். வண்டி நம்பரும் தேதியும் போட்ட சீட்டாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஹாட் மிக்ஸ் பிளாண்ட்டில் கலவையை ஆர்டருக்கு ஏற்பத்தான் அடிப்பார்கள். அது மிஞ்சினால் எடுத்து வைத்து மறுநாள் ஊற்ற இட்லி மாவு இல்லை. இருபது டன் மிஞ்சும்படி கணக்குப் போடும் கான்ட்ராக்டர் தொழிலில் நிலைக்க மாட்டார். ஆகவே மிச்சம் என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் உண்மை. ஒன்று, அது மிச்சமே இல்லை, ஏமாற்றுவதற்காகவே கொண்டுவந்த மட்டச் சரக்கு. அல்லது, பொதுமக்கள் பணத்தில் போடும் ஏதோ ஒரு கிராமத்து ரோட்டிலிருந்து கனத்தைக் குறைத்துத் திருடிய கலவை. இரண்டாவது இன்னும் ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். உங்கள் வாசலுக்குப் போட்ட தார், உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் ரோட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இது நம் ஊரோடு முடிகிற கதையும் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வேறு வேலையில் மிஞ்சிய பொருள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களை நம்பாதீர்கள் என்று தன் மக்களை எச்சரிக்கிறது. ஆஸ்திரேலியாவில் இவர்களுக்குத் தார்க் கொள்ளையர் என்றே பெயர். அங்கேயும் அதே டிப்பர், அதே அவசரம், அதே ரொக்கம்.

2023-ல் மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் ஊர்க்காரர்கள் புதிதாகப் போட்ட ரோட்டைக் கையால் பாய்போல் தூக்கிக் காட்டிய காணொளியை நீங்கள் செல்போனில் பார்த்திருப்பீர்கள். சித்தி மகன் தூக்கிய துண்டும் அதே ரகம். தார்க் கலவை தானாகத் தரையில் ஒட்டாது. கீழே இறுக்கிய ஜல்லித் தளத்தின் மேல் முதலில் எமல்ஷன் எனும் தண்ணீரில் கலந்த தாரை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். அது புழுதியைப் பிடித்து நிறுத்தி, ஜல்லிக்குள் இறங்கி உறையும். அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு, அதன் மேல்தான் கலவை. முதலாவதை பிரைம் கோட் என்பார்கள், இரண்டாவதை டாக் கோட் என்பார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப் புத்தகத்தில் இரண்டும் கட்டாயம். ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு கிலோ என்பதுவரை அதில் அளவு இருக்கிறது. வேலைக்காரர்கள் துடைப்பமோ காற்று ஊதும் மெஷினோ எடுத்து தரையைச் சுத்தம் செய்யவில்லை, எமல்ஷன் தெளிக்கவில்லை என்றால், கலவை இறங்கும் முன்பே நிறுத்துங்கள். அதற்கப்புறம் நிறுத்திப் பயன் இல்லை.

அதற்கும் கீழே இருப்பதுதான் உண்மையான வேலை. தார் என்பது மேலே போர்த்தும் தோல். சுமையைத் தாங்குவது ஜல்லி. செம்மண் தரையை வெட்டி மட்டம் செய்து, தண்ணீர் தெளித்து ரோலரில் இறுக்கி, அதன் மேல் வெட் மிக்ஸ் எனும் ஈர ஜல்லிக் கலவையைப் பரப்பி மறுபடியும் இறுக்க வேண்டும். பஸ்ஸும் லாரியும் வருகிற இடத்தில் இந்த ஜல்லி அடுக்கு ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் எத்தனை அங்குலம் தார் போட்டாலும் சக்கரம் ஓடும் தடம் பள்ளமாகும். இந்த இடத்தில்தான் பலரும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், பணம் குறைவாக இருந்தால் தாரைக் குறையுங்கள், ஜல்லியைக் குறைக்காதீர்கள். வாசல் முகப்புக்கும் பஸ் திரும்பும் இடத்துக்கும் மட்டும் தரமாகத் தார் போட்டுவிட்டு, கார் நிற்கும் இடத்தை ஜல்லியும் கிரஷர் பொடியும் போட்டு இறுக்கி விடலாம். அது அழகில் கொஞ்சம் குறைவு, ஆனால் ஏமாற்றம் இல்லை. வேப்பமரம் இருந்தால் சுற்றி நாலடி மண்ணை விட்டுவிடுங்கள். தாரால் அதன் கழுத்தை நெரித்தால் மரமும் காயும், வேர் தாரையும் பிளக்கும்.

தரையைத் தொடும் முன் இன்னொரு கேள்வியை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: இந்த வாசலுக்கு அடியில் என்ன இருக்கிறது? செப்டிக் டேங்க் எங்கே? மூடிய பழைய கிணறு ஏதாவது உண்டா? இது சாதாரணக் கேள்வி இல்லை. ஆளைக் காப்பாற்றும் கேள்வி. மூன்று சக்கர ரோலர் எட்டிலிருந்து பத்து டன் எடை. செப்டிக் டேங்க் மேல் போட்ட நாலங்குல ஸ்லாப் ஆள் நடப்பதற்காகப் போட்டது, ரோலருக்காகப் போட்டதில்லை. ரோலரோடு டிரைவரும் உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டேங்க் மூடியைத் தாருக்கு அடியில் புதைத்து மறந்துவிட்டு, பிறகு டேங்க் நிரம்பி வழியும்போது எங்கே தோண்டுவது என்று தெரியாமல் புதுத் தாரையே கொத்தி எடுத்தவர்களும் உண்டு. தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள், கேமரா ஒயர் எல்லாவற்றையும் தார் போடும் முன்பே பதித்து, ஒரு தாளில் படம் வரைந்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சூடு பற்றி. நம் சந்தையில் ரோட்டுக்கு அதிகம் வருவது விஜி-30 என்ற ரகத் தார். விதிமுறையின்படி இந்தத் தாரில் செய்த கலவை பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்கு இறங்கும் முன் ரோலர் ஓடி முடித்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மேலே எத்தனை தரம் ரோலர் உருட்டினாலும் ஜல்லி ஒன்றோடொன்று இறுகாது. உள்ளே காற்றுப்பைகள் நிற்கும். அதில் மழைத்தண்ணீர் இறங்கும். அடுத்த மழைக்கு ஜல்லி தனித்தனியாக உதிரும். ஏரியூரும் நாகமரையும் காவிரிக் கரைப் பக்கம், மேட்டூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர்கள். பிளாண்ட்டிலிருந்து டிப்பர் நெடுந்தூரம் வர வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடாமல் வந்த லோடு வழியிலேயே சூட்டை இழக்கும். மிச்சக் கலவைக்காரர்கள் காலை ஆறு மணிக்கு ஏற்றிய லோடை வைத்துக்கொண்டு பதினோரு மணிவரை வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள் என்றால் அது எவ்வளவு ஆறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேராகக் கலவைக்குள் குத்தும் உலோகத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிப்பர் வந்ததும் நீங்களே குத்திப் பாருங்கள். உங்கள் கையில் தெர்மாமீட்டரைப் பார்த்ததும் முகம் மாறுகிற ஆளை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

அதிகச் சூடும் கெடுதல். விறகடுப்பில் டிரம்மை வைத்துத் தாரைக் கொதிக்கவிட்டு நீலப் புகை எழும்ப விடுகிறவர்கள் தாரின் உயிரையே எரித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தார் பார்க்கப் பழுப்பாக, ஒளியில்லாமல் இருக்கும். சீக்கிரமே வெடிக்கும்.

இந்த அடுப்பைப் பற்றி ஒரு பெரிய எச்சரிக்கை. கொதிக்கிற தார் டிரம்மில் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். தார் பொங்கி நாலாபுறமும் தெறிக்கும். ஈரமான டிரம், மழைத் தூறல், ஈரக் கரண்டி, எதுவும் போதும். 150 டிகிரித் தார் தோலில் ஒட்டினால் எண்ணெய்போல் வழியாது, அங்கேயே ஒட்டிக்கொண்டு எரிக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க இந்த அடுப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். கயிறு கட்டித் தடுக்காமல் வேலை செய்ய விடாதீர்கள். யாருக்காவது தார் பட்டால் உடனே சாதாரணக் குளிர்ந்த தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மண்ணெண்ணெய், டீசல், பற்பசை எதையும் தடவாதீர்கள். 108-க்குப் போன் செய்து பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். தாரை எடுப்பது அங்கே டாக்டரின் வேலை.

'பிளாஸ்டிக் ரோடு சார், நூறு வருஷம் கேரண்டி' என்றும் சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் ரோடு என்பது உண்மையான நல்ல தொழில்நுட்பம்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது, அதற்காக 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஆனால் அதன் முறை என்ன? நறுக்கிய பிளாஸ்டிக்கை முதலில் 160, 170 டிகிரியில் இருக்கும் ஜல்லியின் மேல் தூவி, அது உருகி ஜல்லியைப் போர்த்தியபின் தாரைக் கலக்க வேண்டும். பிவிசி குழாய்த் துண்டு கூடாது, அதிலிருந்து விஷப்புகை வரும். பாலிதீன் பையை அடுப்புக்கு அடியில் போட்டு எரிக்கிறவர்களை பிளாஸ்டிக் ரோடு போடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் உங்கள் ஊர்க் காற்றில் விஷத்தைக் கலக்கிறார்கள், அவ்வளவுதான்.

தார் போட்ட தரை சாவது பெரும்பாலும் தண்ணீரால். வண்டிச் சுமை அதற்கு அடுத்ததுதான். ஆவணி, புரட்டாசியில் தர்மபுரி மாவட்டத்தில் மழை பெய்வதை நீங்களே பார்க்கிறீர்கள். தரையில் தண்ணீர் நின்றால் தாருக்குள் இறங்கி ஜல்லித் தளத்தை ஊற வைக்கும். அதன் மேல் வண்டி ஏறினால் முதலைத் தோல் மாதிரி வெடிப்பு விடும். ஆகவே நூறடிக்கு ஒன்றரை அடியாவது சரிவு இருக்க வேண்டும், இரண்டடி இருந்தால் நல்லது. கட்டிடத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். கொத்தனார் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்ப்பாரே, அதே டியூபால் ஜல்லி அடுக்கு முடிந்ததும் பாருங்கள். தார் போட்டு முடித்தபின் நாலு பக்கெட் தண்ணீரை வெவ்வேறு இடத்தில் கொட்டிப் பாருங்கள். ஒன்றாவது ஐந்து நிமிஷத்துக்குமேல் குட்டையாக நின்றால் பணத்தைப் பிடித்து வையுங்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதும் முக்கியம். நெடுஞ்சாலையோர வடிகாலைத் தாரால் மூடிச் சாய்வுப் பாதை போடுவது நம் பக்கம் சர்வசாதாரணமாக நடக்கிறது. அது நெடுஞ்சாலைத் துறையின் நிலம். அனுமதி இல்லாமல் கைவைத்தால் 2001-ம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் உங்கள் மேல் பாயும். அடுத்த மழையில் பக்கத்துக் கடைக்குள் தண்ணீர் புகுந்தால் பக்கத்துக் கடைக்காரரும் உங்கள் மேல் பாய்வார்.

வாசலில் வழியும் எண்ணெயும் அதே தண்ணீரோடு போய்ச் சேருவது காவிரியில்தான். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பும்போது 93.47 டிஎம்சி தண்ணீரோடு நாகமரைப் பரிசல் துறைக்கே வந்து நிற்கிறது. அதில் மீன் பிடிக்கிறோம், அதைக் குடிக்கிறோம். ஒழுகும் எஞ்சினோடு நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். டீசல், பெட்ரோல் சொட்டும் இடத்தில் தார் கரைந்து மெழுகாகிவிடும், அதனால் பங்க்கில் பம்ப்பைச் சுற்றியும் லாரி நிற்கும் இடத்திலும் கான்கிரீட்டே போடுங்கள். வருஷாவருஷம் மேலே கறுப்புச் சாயம் பூசுவதை விற்கிறவர்களையும் கேள்வி கேளுங்கள். நிலக்கரித் தாரில் செய்த பூச்சு நீரில் கலந்து நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்கிறது என்று கண்டுதான் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2006 முதல் அதைத் தடை செய்தது. பெட்ரோலியத்திலிருந்து வரும் ரோட்டுத் தாரும் நிலக்கரித் தாரும் வேறுவேறு. நாம் இரண்டையும் தார் என்றே சொல்லிவிடுகிறோம், விற்கிறவருக்கு அது வசதியாகிப் போகிறது.

வெயில் காலத்தில் இருசக்கர வாகனம் பற்றிக் கொஞ்சம் பயப்படுங்கள். விஜி-30 தார் மெத்தென்று ஆகத் தொடங்கும் சூட்டுக்கு விதியில் குறைந்தபட்சமாக வைத்திருப்பது 47 டிகிரி. சித்திரை மத்தியானத்தில் கறுப்புத் தரையின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். புல்லட்டின் சைடு ஸ்டாண்ட் நுனி சின்னது. வண்டி எடையில் ஒரு பங்கு அதில் இறங்கி, ஸ்டாண்ட் மெள்ளப் புதைந்து, வண்டி சரியும். பக்கத்தில் குழந்தை நின்றால்? பைக் நிற்கும் வரிசைக்குப் பேவர் பிளாக் போடுங்கள். இல்லையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க மரத்துண்டோ தகடோ கிடக்கட்டும். புதிதாகத் தார் போட்டால் ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள், எந்த வண்டியையும் உள்ளே விடாதீர்கள். முகூர்த்தம் பக்கத்தில் இருக்கிறது என்று அவசரப்பட்டு முதல் நாள் இரவு தார் போட்டு மறுநாள் பஸ்ஸை விட்டால் முழுப் பணமும் போயிற்று.

சரி, நேர்மையான ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? பக்கத்தில் அவர் போட்ட இரண்டு வாசலையாவது, ஒரு மழைக்காலம் கண்ட வாசலாகப் பார்த்து, போய்ப் பாருங்கள். தாளில் எழுதி வாங்குங்கள்: எத்தனை சதுர அடி, ஜல்லி எத்தனை அங்குலம், உருட்டியபின் தார் எத்தனை மில்லிமீட்டர், எந்த ரகத் தார், எத்தனை டன், எமல்ஷன் தெளிப்பு உண்டா, எவ்வளவு நாளைக்குள் கெட்டால் சொந்தச் செலவில் சரிசெய்வார். அவருடைய ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமும் சேர்த்து 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் 33-ல் தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும். பேரும் போர்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பில் வேண்டாம், 18 சதவீதம் மிச்சம் என்று சொன்னால் ஆசைப்படாதீர்கள். நாளைக்குப் புகார் கொடுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த பில்தான். கலவையைக் கொட்டிப் பரப்பியதும், ரோலர் ஏறும் முன், ஒரு கம்பியைக் குத்தி ஆழம் அளந்து பாருங்கள். உருட்டியதும் அது அமுங்கும். ஒன்றரை அங்குலம் வேண்டுமென்றால் உருட்டும் முன் கிட்டத்தட்ட இரண்டங்குலம் நிற்க வேண்டும். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, ஒரு நல்ல மழை பெய்து பார்த்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வேலை நடக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். 2022-ல் வேலூரில் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரம் புதைய கான்கிரீட் ரோடு போட்ட படம் நாடெங்கும் போயிற்று. கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால் எதுவும் நடக்கும்.

போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில், மழை இறங்கும் முன், ஒரு நாள் காலை வாசலைச் சுற்றி நடந்து பாருங்கள். ஐந்து ரூபாய் காசு உள்ளே நுழையும் வெடிப்பு எங்கே இருந்தாலும், துடைத்து, புல்லைப் பிடுங்கி, எமல்ஷனும் நைஸ் மணலும் விட்டு அடைத்துவிடுங்கள். குழி விழுந்திருந்தால் செங்கல்லும் மண்ணும் போட்டு மூடாதீர்கள், அடுத்த மழைக்குப் பெரிய குழியாகத் திரும்பி வரும். ஓரங்களை உளியால் செங்குத்தாகச் சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் புழுதியையும் எடுத்துவிட்டு, எமல்ஷன் தடவி, கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கி, சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் மேடாக விடுங்கள். நாலு வண்டி ஏறியதும் அது மட்டத்துக்கு வந்துவிடும். மழையில் நனைந்த குழியில் மட்டும் கலவையைக் கொட்டவே கொட்டாதீர்கள்.

சித்தப்பா இந்த வருஷம் மறுபடியும் வாசலைப் போடுகிறார். இந்த முறை முதலில் செப்டிக் டேங்க் எங்கே என்று சுண்ணாம்பால் கோடு போட்டார், ஜல்லி அடுக்குக்கு அவரே நின்று தண்ணீர் டியூப் பிடித்தார். தெர்மாமீட்டரை இன்னும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிகிறார்.

மார்ச் கடைசியில், அரசு வேலைகள் முடிகிற அவசரத்தில், அந்த டிப்பர் மறுபடியும் நம் ஊர் ரோட்டில் வரும். உங்கள் கேட்டில் நின்றால் வண்டி நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து மண்டபத்துக்காரருக்கும் எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்துக்காரருக்கும் அப்போதே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.